பதினாலாம் அறை பல்செட்

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் அக்கா சிரித்தாள். அது அக்காவின் சிரிப்பு இல்லை.

இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதனால் விளக்கிவிடுகிறேன். அக்காவின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில், பல் முளைத்த நாளிலிருந்தே ஒரு சின்ன இடைவெளி. முப்பத்தொரு வருஷம் பேருந்து நிலையத்தில் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று அறிவித்தவள் அவள். அந்த இடைவெளி வழியாக வரும் மெல்லிய விசிலைக் கேட்டுத்தான் பாதி ஊர் ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறியது. பல்லெல்லாம் போய்ப் பல்செட் கட்டியபோது, அந்த இடைவெளியையும் சேர்த்துக் கட்டித்தரச் சொல்லி டாக்டரிடம் மல்லுக்கு நின்றாள். "எல்லாரும் ஓட்டையை அடைக்கத்தாம்மா இங்க வருவாங்க" என்றார் டாக்டர். ஆனாலும் கட்டித் தந்தார்.

இப்போது சிரித்த வாயில் இடைவெளியைக் காணோம். பெரிய பெரிய பற்கள், அணிவகுப்புக்கு வந்தவை மாதிரி, மேலுதட்டைத் தள்ளிக்கொண்டு நின்றன. வாயை மூடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை.

"என்னக்கா இது?" என்றேன்.

அக்கா பதில் சொன்னாள். டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷம் ஊரையே நேரத்துக்கு வீடு சேர்த்த குரல் அது. அக்கா விரலை நீட்டிச் சாப்பாட்டு அறையின் மூன்றாவது மேசையைக் காட்டினாள். அங்கே பதினொன்றாம் அறை டீச்சர், வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆனவர், ரொட்டி தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். அது அக்காவின் சிரிப்பு.

நான் தையல் மெஷின் மெக்கானிக். அக்காவின் பல்செட் உள்பக்கத்தில், அவளை இங்கே சேர்த்த அன்றே, மெல்லிய ஊசி அரத்தால் '14' என்று நானே கீறியிருந்தேன். நூல் சுற்றும் பாபினில்கூட நம்பர் போட்டு வைக்கிறவன், பல்லில் போடாமல் இருப்பேனா?

கீழ்த்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் போனேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார்.

"அண்ணே, சத்தம் போடாதீங்க. புதன்கிழமையிலேருந்து புது முறை. முன்னாடி ஆளுக்கொரு டப்பா இருந்துச்சு. இப்ப எல்லாப் பல்லையும் ஒரே டப்புல ஊற வெக்கச் சொல்லிட்டாங்க. கூட்டுப் பராமரிப்பாம். காலைல அளவு பாத்து எடுத்துக் குடுக்கணும். அளவுன்னா என்ன, கண்ணளவுதான். நாப்பத்தோரு வாய்ண்ணே. நான் எதைன்னு பாப்பேன்?"

"இப்ப என்ன பண்றது?"

"சாப்பாடு முடியட்டும். ரெண்டையும் கழுவி மாத்தி மாட்டிவிட்டுடறேன். ரெண்டு நிமிஷ வேலை. நீங்க மட்டும் வாயைத் திறக்காம இருங்க."

எனக்கு நிம்மதி வந்தது. இதுதான் எனக்குப் புரிந்த உலகம். ஊசி உடைந்தால் ஊசியை மாற்ற வேண்டும். பெல்ட் அறுந்தால் பெல்ட்டை மாற்ற வேண்டும். நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, டீச்சர் ரொட்டியை முடிப்பதற்காகக் காத்திருந்தேன். அக்கா அந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மனநிறைவு அலுவலர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கிளிப் அட்டை, முகத்தில் புன்னகை. மூன்றும் அலுவலகம் கொடுத்தவை.

"வணக்கம் சார். ஏதாவது குறை இருக்கா? ரொம்பச் சின்னதா இருந்தாலும் தயங்காம சொல்லலாம்."

அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற ஆயா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆனால் ஒரு மனிதர் சிரித்த முகத்தோடு கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? "பெருசா ஒண்ணுமில்லீங்க" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அதை அன்று மதியம் ஒன்றேகாலுக்குச் செய்தேன்.

அலுவலரின் கண்கள் கலங்கிவிட்டன. அக்காவுக்காக என்று நினைத்தேன்.

"ஆறு வருஷம் சார்" என்றார். "ஆறு வருஷமா புகார் வாங்கற நாற்காலியில உக்காந்திருக்கேன். ஒரு புகார்கூட வரல. இந்த வருஷமும் வரலேன்னா என் பிரிவையே மூடிடறதா இருந்தாங்க. நீங்க தெய்வம் மாதிரி வந்தீங்க."

என்னைத் தன் அறைக்கு அழைத்துப்போய் டீ கொடுத்தார். சுவரில் 'உங்கள் குறையே எங்கள் நிறை' என்று ஒரு பலகை. மேசையில் ஏழு பக்கப் படிவம். அதன் ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. எழுதி முடித்து முத்திரை குத்தியபோது, ஆறு வருஷமாகக் காய்ந்துபோன மைத்திண்டில் அவர் இரண்டு சொட்டு டீ விட வேண்டியிருந்தது.

"ரொம்ப நன்றிங்க" என்று எழுந்தேன். "ஆயா இப்ப பல்லை மாத்திடறேன்னு சொன்னாங்க."

அலுவலர் பதறிப்போய் வாசலை மறித்தார். "ஐயோ, தொடவே கூடாது சார். புகார் பதிவான நொடியில எது எந்த நிலையில இருந்துச்சோ, விசாரணை முடியற வரைக்கும் அது அந்த நிலையிலேயே இருக்கணும். அது சான்றுப் பொருள்."

"எந்த நிலையிலேயேங்க?"

"உங்க அக்கா பல்லு டீச்சர் வாயில. டீச்சர் பல்லு உங்க அக்கா வாயில."

நாங்கள் சாப்பாட்டு அறைக்குத் திரும்பியபோது டீச்சருக்கு விஷயம் எட்டிவிட்டிருந்தது. நல்ல மனுஷி. பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் ஏந்தியபடி, பொக்கை வாயோடு அக்காவை நோக்கி வந்துகொண்டிருந்தார். அக்காவும் தன் வாயிலிருந்ததைக் கழற்றிவிட்டாள். இரண்டு கைகளும் நீண்டன. நடுவில் இரண்டு அடிதான் இருந்திருக்கும். அலுவலர் ஓடிப்போய் அந்த இரண்டடியில் நின்றுகொண்டு, இரண்டு பல்செட்டையும் போட்டோ எடுத்து, கையுறை மாட்டி, கழுவித் துடைத்து, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே பத்திரமாகப் பொருத்திவிட்டார்.

அன்று மாலையே டீச்சரை மாடிக்கு மாற்றினார்கள். சாட்சிகள் சந்திக்கக் கூடாதாம். லிஃப்டுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். ஆயாவைத் துணி துவைக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். பற்களை இரவில் பூட்டி வைக்கப் புதிதாக ஒரு பீரோ வந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு மனநிறைவு அலுவலர் எஃகுத் தட்டில் நீலத் துணி விரித்து, டீச்சர் பல்லைக் கொண்டுவந்து அக்காவின் வாயில் பொருத்திவிட்டு, பட்டியலில் சரி என்று ஒரு கோடு போடுவார். இத்தனை ஒழுங்காக ஒரு தப்பு நடப்பதை நான் எங்கேயும் கண்டதில்லை.

ஆயாவைத் துணி காயப்போடும் இடத்தில் பார்த்தேன். "உங்களால எனக்கு இந்தக் கதி அண்ணே" என்றார், கோபம்கூட இல்லாமல். "நான் சொன்னேன்ல. புகார் குடுக்காத வரைக்கும் எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்."

பத்தாவது நாள் வாக்குமூலம் பதிவு செய்யக் கூப்பிட்டார்கள். விதிப்படி, குறையை விருந்தினரே தன் சொந்தக் குரலில், தெளிவாகச் சொல்ல வேண்டும். அங்கே இருப்பவர்களை விருந்தினர் என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் கிளம்ப முடியாது என்பதைத் தவிர, மற்ற எல்லா வகையிலும் விருந்தினர்கள்.

அக்காவின் முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தார்கள். அக்கா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். மைக்கைப் பார்த்ததும் தானாகத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு பேசினாள். கூழாங்கற்கள் குலுங்கின. அலுவலர் 'தெளிவில்லை' என்று எழுதினார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அக்கா பல்லைக் கழற்றிவிட்டுப் பேசினாள். கொஞ்சம் புரிந்தது. ஆனால் சான்றுப் பொருள் வாயில் இல்லாதபோது சொன்ன குறை செல்லாதாம்.

"நான் சொல்றேங்க அவளுக்குப் பதிலா. எனக்குப் பேச்சு நல்லாத்தானே வருது?"

"நீங்க உறவினர் சார். புகாரைப் பதியலாம், அதுக்கு மேல உறவினருக்குக் கவலைப் படிவம்தான். குறை வாக்குமூலம் விருந்தினருக்கு மட்டும்."

"கவலைப் படிவம் குடுத்தா என்ன ஆகும்?"

"நாங்களும் கவலைப்படுவோம்."

கவலைப் படிவத்தை எழுதிக் கொடுத்தேன். கொடுத்த எட்டாவது நாள் பதில் வந்தது. 'தங்கள் கவலை பெறப்பட்டது. பகிர்ந்துகொள்ளப்பட்டது.' கூடவே இன்னொரு தாள். பல்செட்டில் அனுமதியின்றி எண் கீறியதற்கு என்னிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

சரி, புதுப் பல் கட்டிவிடலாம் என்று பார்த்தேன். மாதம் ஒருமுறை இல்லத்துக்கு வரும் பல் டாக்டர் பதிவேட்டைப் புரட்டினார். 'பற்கள்: உண்டு. எண்ணிக்கை: இருபத்தெட்டு' என்றிருந்தது. "பல் இருக்கிறவங்களுக்கு எப்படிப் பல் கட்டுவேன்?" என்று என்னையே கேட்டார். நியாயமான கேள்விதான்.

இதற்கிடையில் அக்கா இளைத்துக்கொண்டே போனாள். மூன்று வேளையும் கஞ்சி. ஐம்பத்தொரு கிலோ இருந்தவள் நாற்பத்தைந்தானாள். அவள் கட்டில் தலைமாட்டில் எடை அட்டையில் அழகான கோடு ஒன்று கீழ்நோக்கிப் போனது. அதன் கீழே பச்சை மையில் எழுதியிருந்தார்கள்: 'எடைக் கட்டுப்பாட்டில் நல்ல முன்னேற்றம்.' அதைப் படித்துவிட்டு அந்த அட்டையைச் சுக்குநூறாகக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. கிழிக்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டிருந்தது. நான் ஒவ்வொரு முறை வாயைத் திறந்ததற்கும் தண்டனை அவளுக்குத்தானே கிடைத்தது?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் துணியை மடித்துக்கொண்டே, "கூட்டிட்டு வந்துடுங்க. இதுக்குப் போய் யோசிப்பாங்களா?" என்றாள்.

உண்மையில் அக்கா அங்கே இருப்பதற்கே இனிக் காரணம் இல்லை. இடுப்பு எலும்பு உடைந்து, எங்கள் வீட்டின் செங்குத்தான படியில் ஏற முடியாமல் போனதால், ஆறு மாதத்துக்கு என்று அவளாகவே முடிவு செய்து இல்லத்துக்குப் போனாள். ஆறு மாதம் முடிந்துவிட்டது. கீழே கடையின் பின்னறையில் குவிந்திருந்த பழைய மெஷின்களை எடுத்துவிட்டு, வெள்ளையடித்து, கட்டில் போட்டு, சுவரில் கைப்பிடியும் அடித்துவிட்டேன். மறுநாளே பையோடு போய் நின்றேன். அக்கா ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"கூட்டிட்டுப் போகலாமே சார்" என்றார் அலுவலர். "இது சிறையா என்ன? ஆனா அவங்க வாயில இருக்கிறது சான்றுப் பொருள். அது வளாகத்தை விட்டு வெளிய போகக் கூடாது."

"அதைக் கழட்டிக் குடுத்துட்டுப் போறோம்."

"ராத்திரி நாங்க கழட்டறது பராமரிப்பு. நீங்க கழட்டினா நிலை மாறிடுமே. வாயும் சேர்ந்ததுதான் சார் நிலை."

அக்கா செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் ஜோடியாக வைத்தாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில், நடுப்பகலில், மடியில் அக்காவின் காலிப் பையோடு.

ஏழாவது வாரம் இயக்குநரே என்னைக் கூப்பிட்டனுப்பினார். பெரிய அறை. சுவர் முழுக்கக் கேடயங்கள். 'குறையில்லா இல்லம்' என்று ஒவ்வொன்றிலும் பொன் எழுத்தில். வரிசையாக ஆறு. ஏழாவதுக்கு ஆணி அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள்.

"நான் புகார்களை வரவேற்கிறவன்" என்று ஆரம்பித்தார். "புகார்ங்கிறது மக்கள் நமக்குக் குடுக்கிற பரிசு. பரிசை யாராவது பிரிச்சுப் பாழாக்குவாங்களா? நாங்க பிரிக்கிறதே இல்ல. அப்படியே பத்திரமா வெச்சிருக்கோம்."

நான் தலையாட்டினேன்.

"நான் இங்க பொறுப்பேத்த வருஷம் எத்தனை புகார் தெரியுமா? நாப்பத்துமூணு. அடுத்த வருஷம் பூஜ்யம். எப்படி? பணியாளர்களை மாத்தல. சாப்பாட்டை மாத்தல. படிவத்தை மாத்தினோம். ஒரு பக்கம் இருந்ததை ஏழு பக்கம் ஆக்கினோம். ஆறாம் பக்கத்துக்கு வரும்போதே முக்கால்வாசிப் பேருக்குக் குறை தீர்ந்துடுது. நீங்கதான் ஏழையும் எழுதியிருக்கீங்க. என்ன தொழில் பண்றீங்க?"

"தையல் மெஷின் ரிப்பேருங்க."

"அதான். பொறுமை இருக்கு." அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. "இன்னொண்ணு கவனிங்க. உங்க புகார் வந்த அதே வாரத்துல, பதினொண்ணாம் அறை விருந்தினர் எழுத்துப்பூர்வமா ஒரு பாராட்டு குடுத்திருக்காங்க. 'பல் நன்றாகக் கடிக்கிறது' அப்படின்னு."

அந்தப் பாராட்டு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் ஆளுக்கொரு பாராட்டு எழுதித் தந்தால்தான் டீயோடு பிஸ்கட். ஆனாலும் தலையாட்டினேன்.

"ஒரே பல்லு. ஒரு பாராட்டு, ஒரு புகார். கழிச்சா என்ன மிச்சம்? பூஜ்யம். நீங்க புகாரை வாபஸ் வாங்கிட்டா எல்லாம் முடிஞ்சுது. கோப்பு மூடினதும் பல்லை மாத்திக்கலாம், அக்காவைக் கூட்டிட்டும் போகலாம்."

என் காதுகளையே நம்ப முடியவில்லை. "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றேன்.

"கையெழுத்து மட்டும் போதாது. சனிக்கிழமை மனநிறைவு விழா. கேடயக் குழு வராங்க. உங்க அக்கா மேடையில, சொந்தக் குரல்ல, 'நான் முழு மனநிறைவோடு இருக்கிறேன்'னு வாசிக்கணும்."

"அவளால பேச முடியலைன்னுதாங்க புகாரே."

இயக்குநர் அலுவலரைப் பார்த்தார். அலுவலர் விதிப்புத்தகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் புரட்டிய பிறகு, விழா நிகழ்ச்சிகளுக்காகச் சான்றுப் பொருளைத் தற்காலிகமாக வழங்கலாம் என்று ஒரு வரி கிடைத்தது. அக்காவின் பல்லை அக்காவுக்கு ஐந்து நிமிஷம் தருவார்கள். டீச்சர் பல்லில்லாமல் முதல் வரிசையில் உட்கார்ந்தால் போட்டோ நன்றாக வராது என்பதால், அவர் பல்லும் அவருக்கு ஐந்து நிமிஷம். வாசித்து முடித்ததும் இரண்டையும் தட்டில் வாங்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

"பழைய நிலைக்கா? கோப்புதான் மூடிடுமே?"

"வாபஸ் ஆன புகாருக்கு முப்பது நாள் ஆறப்போடும் காலம் உண்டு சார்" என்றார் அலுவலர். "மனசு மாறி மறுபடி புகார் குடுக்கலாம் இல்லையா? அது உங்க உரிமை."

முப்பது நாள். அக்கா அப்போது நாற்பத்துநாலு கிலோ. நான் கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை கூடத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். நாற்பத்தொரு விருந்தினர்களையும் சக்கர நாற்காலியிலும் பிளாஸ்டிக் நாற்காலியிலும் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். கேடயக் குழுவினர் மூன்று பேர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு. இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார். "எங்கள் விருந்தினர்களின் மௌனத்தைக் கேளுங்கள்" என்று ஓரிடத்தில் கையை விரித்தார். எல்லோரும் கேட்டோம். யாரோ இருமினார்கள். அவரை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

பிறகு தட்டு வந்தது. நீலத் துணி, அதன் மேல் அக்காவின் பல்செட். அலுவலர் கையுறை போட்டுக்கொண்டு, டீச்சர் பல்லைக் கழற்றி, அக்காவின் பல்லைப் பொருத்தினார். அக்கா நாக்கால் ஒருமுறை உள்ளே தடவிப் பார்த்தாள். அந்த '14' தட்டுப்பட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு நாள் கழித்து என் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். இடைவெளி தெரிந்தது. என் கண் நிறைந்துவிட்டது.

அலுவலர் அவள் கையில் ஒரு வரி எழுதிய அட்டையைக் கொடுத்து, மைக்கை அருகில் தள்ளினார். அக்கா அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தாள். மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு."

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் அவசரமாக எழுந்து பையைத் தேடினார். அந்தக் குரல் கொஞ்சமும் மாறவில்லை. விசில்கூட அப்படியே இருந்தது.

"பதினாலாம் அறையிலிருந்து புறப்பட்ட பல்செட், தவறுதலாகப் பதினொன்றாம் அறைக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஐம்பத்திரண்டு நாட்கள் தாமதமாக இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. தாமதத்திற்கு இந்த இல்லம் வருந்தவில்லை. இந்த இடைப்பட்ட காலத்தில் பயணி ஏழு கிலோ குறைந்திருக்கிறார். இந்தப் பல்செட் இனி இங்கிருந்து எங்கும் புறப்படாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். நன்றி."

அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

அலுவலர் தட்டை நீட்டினார். அக்கா திறக்கவில்லை. "அம்மா, கொஞ்சம் ஆ காட்டுங்க" என்றார். அக்கா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முதல் வரிசையில் இன்னொரு தட்டோடு ஒருவர் டீச்சரிடம் போனார். டீச்சரும் வாயை மூடியிருந்தார். வகுப்பில் பேசியவன் தானாக எழுந்து நிற்கும்வரை காத்திருக்கும் முகம். விருந்தினரின் வாயைப் பலவந்தமாகத் திறக்கக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் இருந்தது. அந்தப் புத்தகத்தில் எங்களுக்குச் சாதகமாக இருந்த ஒரே வரி அதுதான்.

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டவில்லை. கேடயக் குழுத் தலைவர் தன் அட்டையைப் பார்த்து, அக்காவிடமே கேட்டார். "அம்மா, உங்களுக்கு ஏதாவது குறை இருக்கிறதா?"

தட்டு அக்காவின் மோவாய்க்குக் கீழே தயாராக இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் பல் போய்விடும். அக்கா பேசவில்லை. தலைவர் அதே கேள்வியை டீச்சரிடம் கேட்டார். டீச்சரும் பேசவில்லை. "அந்த அறிவிப்பு?" என்று குழுவில் ஒருவர் இழுத்தார். அது படிவத்தில் இல்லை என்று இயக்குநர் காட்டினார். உண்மை, இல்லைதான். ஏழாவது கேடயத்தை அன்றே ஆணியில் மாட்டினார்கள்.

அது நடந்து மூன்று வாரமாகிறது. தற்காலிகமாக வழங்கிய பொருள் திரும்பி வராததால் கோப்பு இன்னும் மூடவில்லை. கோப்பு மூடாததால் அக்கா வீட்டுக்கு வர முடியாது. கடைப் பின்னறையில் விரித்த படுக்கை விரித்தபடி கிடக்கிறது. மனநிறைவு அலுவலர் காலை ஏழு முதல் இரவு எட்டு வரை எஃகுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறார். பிரிவை மூடவில்லை, வேலை நிரந்தரமாகிவிட்டது, அவருக்குச் சந்தோஷம்தான். கண்ணுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கிறது. அக்கா பல்லோடேயே தூங்குகிறாள். அவர் இருக்கும்போது கஞ்சியை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிறாள்.

மாலை நாலு மணிக்கு அலுவலர் மாடிக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். போய்வர ஏழு நிமிஷம். நான் இப்போதெல்லாம் நாலுக்குச் சரியாகப் போகிறேன். நேற்று ஆப்பிள் கொண்டுபோனேன். நறுக்க வேண்டாம் என்று கையைக் காட்டி, முழுசாக வாங்கிக் கடித்தாள். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"டேய், நல்லாருக்குடா. நீயும் கடி."

"அக்கா, வீட்டுக்கு எப்பக்கா?"

"அதை அப்புறம் பேசலாம். இன்னும் நாலு நிமிஷந்தான் இருக்கு. பேசினா சாப்பிட முடியாது, சாப்பிட்டாப் பேச முடியாது. கடிடா."

நான் கடித்தேன். அவள் கடித்தாள். ஒரு ஆப்பிளை இரண்டு பேரும் மாற்றி மாற்றி, சின்ன வயசில்கூட இவ்வளவு வேகமாகத் தின்றதில்லை. நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா மிச்சத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். அலுவலர் உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, கிளிப் அட்டையை எடுத்தார்.

"ஏதாவது குறை இருக்காம்மா?"

அக்கா வாயை இறுக மூடியபடி, இல்லை என்று தலையசைத்தாள். அலுவலர் எழுதிக்கொண்டார்.

"சார், உங்களுக்கு?"

என் வாயில் பெரிய துண்டு ஆப்பிள் இருந்தது. நானும் தலையசைத்தேன். அதையும் எழுதிக்கொண்டார்.